லேப் நேரம் எங்கே தொலைகிறது? டிராக்குக்குப் புதியவர் ஒருவருக்கு விரிவான பதில்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மூன்று டிராக் டே (சொந்த வண்டியைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள்) முடித்துவிட்டீர்கள். வண்டி முன்சக்கர இழுவை கொண்ட சாதாரண ஹேட்ச்பேக், எடை ஏறக்குறைய 1,300 கிலோ. லேப் நேரம், அதாவது டிராக்கை ஒரு முறை சுற்றி வரும் நேரம், 2 நிமிடம் 10 வினாடியில் நின்றுவிட்டது, அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. அதே மாடல் காரில், அதே டயரில் இன்னொருவர் 2 நிமிடம் 4 வினாடியில் சுற்றுகிறார். "முடிந்த அளவு தாமதமாகத்தான் பிரேக் பிடிக்கிறேன், இதற்கு மேல் தாமதிக்கப் பயமாக இருக்கிறது. நல்ல டயரும் சஸ்பென்ஷனும் மாற்றினால் சரியாகுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பார்வைக்கு இது டயரைப் பற்றிய கேள்வி. நீங்கள் உண்மையில் கேட்பது, அந்த 6 வினாடி டிராக்கில் எந்த இடத்தில் கிடக்கிறது என்பதைத்தான். அதே டயரில் ஒருவர் 2:04 ஓட்டுகிறார் என்று நீங்களே எழுதிவிட்டதால் டயரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

பல வருடங்களாகப் புதியவர்களுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது என் வேலை. என் அனுபவம் முழுக்கச் சாலையில் ஓடும் கார்களோடுதான். இறக்கை வைத்துக் காற்றின் அழுத்தத்தால் பிடிமானம் பெறும் ஃபார்முலா கார்களுக்கும் பைக்குகளுக்கும் நான் சொல்வதை அப்படியே பொருத்த வேண்டாம். நீங்கள் ஓட்டி நான் பார்த்ததில்லை. அதனால் இயற்பியல் கணக்காக வரும் பகுதிகளை உறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கால் இப்படித்தான் செய்யும் என்று நான் சொல்லும் இடங்களை ஊகமாக வைத்துக்கொண்டு, உங்கள் வீடியோவைப் பார்த்துச் சரிபாருங்கள்.

முதலில் தாமதமாகப் பிரேக் பிடிப்பதன் கணக்கு. நேர்ப்பாதையின் முடிவில் 160 கி.மீ. வேகத்தில் வருகிறீர்கள், வளைவுக்குள் 80-இல் நுழைய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நல்ல நிலையில் உள்ள சாலை டயர், புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.9 மடங்கு அளவுக்கு வேகத்தைக் குறைக்கும் என்று எடுத்துக்கொண்டால், இதற்கு 84 மீட்டரும் இரண்டரை வினாடியும் தேவை. நீங்கள் இதுவரை 5 மீட்டர் முன்னதாகவே பிரேக்கை முடித்துவிட்டு, அந்த 5 மீட்டரை 80-இல் உருண்டு கடந்தீர்கள் என்றால், இனி அதை 160-இல் கடக்கலாம். மிச்சமாகும் நேரம் 0.11 வினாடி. அவ்வளவுதான். டிராக்கில் 12 வளைவு இருந்து, பன்னிரண்டிலும் இதைப் பிசகாமல் செய்தாலும் மொத்தம் 1.3 வினாடி. அதே நேரம், 5 மீட்டர் தாமதித்தது 10 மீட்டராகிவிட்டால் ஏபெக்ஸ் (வளைவின் உள் ஓரத்தைக் கார் ஒட்டிப் போகும் புள்ளி) தவறும், வெளியே வரும் வேகம் போகும், சில நேரம் வண்டி மண்ணுக்குள்ளும் போகும். வரவு சின்னது, ஆபத்து பெரியது.

இனி வளைவின் நடுப்பகுதி. 100 மீட்டர் நீளமுள்ள ஒரு வளைவை 80-இல் கடக்க நாலரை வினாடி. 84-இல் கடந்தால் 0.2 வினாடி மிச்சம். இந்த 4 கி.மீ. கூடுதல் வேகத்துக்கு டயரிடம் 10 சதவீதம் அதிகப் பிடிமானம் கேட்க வேண்டும். வளைவில் தேவைப்படும் பிடிமானம் வேகத்தின் இருமடியில் ஏறுவதால் அப்படி. புதியவர்கள் பெரும்பாலும் நடு வளைவில் டயரின் எல்லையைவிட 10 சதவீதத்துக்கும் மேல் குறைவாகவே இருப்பார்கள், நுழையும்போது எவ்வளவு திகிலாக இருந்திருந்தாலும் சரி. அடுத்தது வெளியேறும் வேகம். 80-க்குப் பதில் 83-இல் வெளியே வந்து, எதிரே 500 மீட்டர் நேர்ப்பாதை இருந்தால், வேகம் கூடக்கூட முடுக்கம் குறைவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 0.2 வினாடி அளவுக்கு மிச்சமாகும். நடுப்பகுதியில் 0.2, வெளியேற்றத்தில் 0.2, பிரேக்கில் 0.1. கூட்டினால் ஒரு வளைவுக்கு அரை வினாடி, 12 வளைவுக்கு 6 வினாடி. எல்லா வளைவுக்குப் பின்னாலும் 500 மீட்டர் நேர்ப்பாதை இருக்காது, உங்கள் டிராக்கில் எண்கள் மாறும். ஆனால் விகிதம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: நீங்கள் தைரியத்தையெல்லாம் கொட்டுகிற இடம் இருப்பதிலேயே சிறிய பங்கு.

அப்படியென்றால் பெரிய பங்கு ஏன் கைக்கு வரவில்லை? பக்கத்து இருக்கையில் உட்கார்ந்ததும் நான் பார்ப்பது ஓட்டுபவரின் வலது பாதத்தை. திரும்பத் திரும்பக் காண்பது இதுதான். வளைவுக்கு 100 மீட்டர் இருக்கிறது என்று காட்டும் பலகை நெருங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எழுகிறது. பிரேக்குக்குப் போய்ச் சேர அரை வினாடி ஆகிறது. முதல் மிதி மெதுவாக விழுகிறது. வளைவு நெருங்க நெருங்க, வேகம் இன்னும் இருக்கிறதே என்ற பயத்தில் கால் மேலும் மேலும் அழுத்துகிறது. கடைசியில் பிரேக் உச்சத்தில் இருப்பது, ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டிய அதே இடத்தில். இவ்வளவு பிரேக்கோடு ஒடிக்கக் கூடாது என்று யாரோ சொன்னது நினைவுக்கு வர, கால் சட்டென்று பெடலை விட்டுவிடுகிறது. அழுந்தியிருந்த முன்பக்கம் மூக்கைத் தூக்குகிறது. அந்தக் கணம் பார்த்து கை ஒடிக்கிறது. கார் திரும்பவில்லை. கை இன்னும் கொஞ்சம் ஒடிக்கிறது. முன் டயர்கள் முனகுகின்றன. ஏபெக்ஸில் இருக்கும் கெர்ப் (டிராக்கின் ஓரக்கட்டு) ஒன்றரை மீட்டர் தள்ளி நழுவிப் போகிறது. அதன் பிறகு கால் எந்தப் பெடலிலும் இல்லாமல், கார் தானாக வேகம் குறைந்து வழிக்கு வரட்டும் என்று ஒன்று, ஒன்றரை வினாடி காத்திருக்கிறது. உங்கள் 6 வினாடியில் பெரும்பகுதி இந்தக் காத்திருப்பில் இருக்கிறது என்பதுதான் என் ஊகம். தாமதமாகப் பிரேக் பிடிப்பதாலேயே இது நடக்கிறது என்றும் நினைக்கிறேன்.

கார் ஏன் திரும்பவில்லை என்பதற்குக் காரணம் சுமை. ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருந்து, முன் பின் அச்சுகளுக்கு இடையே 2.6 மீட்டர் இருந்தால், முழு பிரேக்கில் காரின் மொத்த எடையில் ஏறக்குறைய 17 சதவீதம் பின்னாலிருந்து முன்னால் இடம் மாறும். உங்கள் காரில் அது 220 கிலோவுக்கும் மேல். நின்றிருக்கும்போது 62 சதவீதம் முன்னால் இருக்கும் கார், பிரேக்கில் 79 சதவீதம் முன்னால் சாய்ந்திருக்கும். அழுத்தம் கூடினால் டயரின் பிடிமானம் கூடும் (அதே விகிதத்தில் கூடாது, ஆனாலும் கூடும்). பிரேக்கைச் சட்டென்று விட்டால் அந்த 220 கிலோ சட்டென்று பின்னால் போய்விடும். முன் டயருக்குப் பிடிமானம் மிக அதிகமாக வேண்டிய கணத்தில், அதைக் கொடுத்துக்கொண்டிருந்த சுமையை நீங்களே எடுத்துவிடுகிறீர்கள்.

இதற்கு மாற்று, பிரேக்கின் வடிவத்தைத் தலைகீழாக்குவது. முதல் மிதி வேகமாகவும் உறுதியாகவும் விழ வேண்டும். உதைப்பது போல அடிக்காமல், அரை வினாடிக்குள் முழு அழுத்தத்துக்குப் போக வேண்டும். கார் நேராக இருக்கும்போதுதான் டயரின் முழுத் திறனும் பிரேக்குக்குக் கிடைக்கும், அப்போதே செலவழித்துவிடுங்கள். அப்புறம் வளைவு நெருங்கும்போது அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஒடிக்கத் தொடங்கும்போது பெடலில் லேசான அழுத்தம் மட்டும் மிச்சம் இருக்கும்படி செய்து, ஸ்டியரிங் ஒடிய ஒடிய அதையும் கரைத்துவிட வேண்டும். இதைத்தான் டிரெயில் பிரேக்கிங் என்கிறார்கள். இது முன்னேறியவர்களுக்கான வித்தை, புதியவர் தொடக் கூடாது என்று சொல்லும் இன்ஸ்ட்ரக்டர்கள் உண்டு. வளைவுக்குள் ஆழமாகக் கடுமையான பிரேக்கோடு போவதைப் பற்றி என்றால் அவர்கள் சொல்வது சரி. பிரேக்கை மெதுவாக விடுவதை முதல் நாளிலிருந்தே பழகலாம் என்பது என் கருத்து.

ஒடித்துக்கொண்டே பிரேக் பிடித்தால் டயருக்குப் பாரம் கூடிவிடாதா என்று கேட்பீர்கள். கூடும், ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. ஒரு டயர் கொடுக்கக்கூடிய மொத்த விசையை ஒரு வட்டமாக நினைத்துக்கொள்ளுங்கள். நீளவாக்கில் பிரேக், பக்கவாக்கில் திருப்பம். இரண்டையும் கூட்டிக் கழிக்கும் நேர்க்கணக்கு இல்லை இது, செங்கோண முக்கோணக் கணக்கு. பிரேக்குக்குப் பாதித் திறனைக் கொடுத்தாலும் திருப்பத்துக்கு 87 சதவீதம் மிச்சம் இருக்கும். 20 சதவீதம் கொடுத்தால் 98 சதவீதம் இருக்கும். ஆக, வளைவின் தொடக்கத்தில் பெடலில் வைத்திருக்கும் மெல்லிய அழுத்தம் டயரிடமிருந்து எடுப்பது 2 சதவீதம். பதிலாக முன்பக்கச் சுமையைத் தக்கவைத்து, காரைத் திருப்பிக் கொடுக்கிறது. உண்மையான டயரின் வரைபடம் முழு வட்டமாக இருக்காது, சற்று நெளிந்த நீள்வட்டமாக இருக்கும். ஆனால் முடிவு மாறாது.

செய்து பார்க்க ஒரு வழி. அடுத்த முறை முதல் செஷன் (ஒரு தடவை டிராக்கில் இறங்கித் திரும்பும் வரை) முழுக்க, இப்போது பிரேக் பிடிக்கும் இடத்திலிருந்து 20 மீட்டர் முன்னதாகவே பிடியுங்கள். முழு அழுத்தம் வேண்டாம், 70 சதவீதம் போதும். நோக்கம் ஒன்றே ஒன்று: பெடலிலிருந்து கால் எழும் நேரத்தை நீட்டுவது. விடுவதற்கு ஒன்றரை வினாடி எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கு மேலே எழுவது உங்களுக்கே தெரியாத அளவுக்கு மெதுவாக இருக்க வேண்டும். இப்படிச் செய்யும்போது கார் முன்பைவிடக் குறைவான ஸ்டியரிங்கில் திரும்புவதைக் கை உணரும். வேகம் போதவில்லை என்று தோன்றும், தோன்றட்டும். பிறகு ஒவ்வொரு செஷனிலும் 3, 4 மீட்டராகப் பிரேக் புள்ளியைத் தள்ளிக்கொண்டு வாருங்கள். விடும் விதம் கெட்டுப்போகும் இடம் வந்ததும் நில்லுங்கள். இன்றைய தேதிக்கு உங்கள் பிரேக் புள்ளி அதுதான். அது இப்போதைய புள்ளிக்குச் சில மீட்டர் முன்னால் இருந்தாலும் லேப் நேரம் குறைந்தே இருக்கும்.

லைன், அதாவது வளைவில் கார் போகும் பாதை பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்லியிருப்பார்கள், அதனால் எனக்கு முக்கியமாகப் படுவதை மட்டும் சொல்கிறேன். ஓரத்திலிருந்து ஓரம் வரை டிராக்கின் முழு அகலத்தையும் பயன்படுத்தினால் வளைவின் ஆரம் பெரிதாகும், அதே டயரில் அதிக வேகம் போகலாம். புதியவர்கள் நுழையும்போது வெளி ஓரத்திலிருந்து ஒரு மீட்டரை வீணாக்குவார்கள்; வெளியேறும்போது இன்னும் ஒன்றரை மீட்டரை விட்டுவைப்பார்கள். வெளியேறும் கெர்ப்பை உங்கள் டயர் தொடவில்லை என்றால் ஒன்று வேகம் போதவில்லை, இல்லையென்றால் தேவையில்லாமல் ஸ்டியரிங்கை இழுத்துப் பிடித்திருக்கிறீர்கள். இரண்டில் எது என்று கண்டுபிடிக்க, நடு வளைவைத் தாண்டியதும் கையைத் தளர்த்தி, கார் தானாக எங்கே போக விரும்புகிறதோ அங்கே போக விடுங்கள். அப்போதும் ஓரத்துக்குப் போகவில்லை என்றால் இன்னும் வேகம் எடுக்க இடம் இருக்கிறது.

ஏபெக்ஸைக் கொஞ்சம் தாமதமாக, அதாவது வளைவின் வடிவியல் மையத்தைத் தாண்டி வைத்துக்கொள்ளுங்கள். பிரேக்கில் சற்றுப் பிசகினாலும் வெளியேறும் பக்கம் இடம் மிச்சம் இருக்கும், ஆக்சிலரேட்டரையும் முன்னதாகத் தொடலாம். இது எப்போதுமே வேகமான லைன் என்று நான் சொல்லவில்லை. சக்தி குறைந்த காரில், வேகமான வளைவில், மையத்தை ஒட்டிய ஏபெக்ஸே வேகமாக இருக்கும். கார் கொண்டுவந்த வேகத்தைக் காப்பாற்றுவதுதான் அங்கே முக்கியம். ஆனால் இப்போதைக்குத் தாமதமான ஏபெக்ஸ் பாதுகாப்பானது. முன்னதாக ஏபெக்ஸ் தொடுவதுதான் புதியவர்களை வெளி ஓரத்து மண்ணில் இறக்கும் முதல் காரணம். உள் கெர்ப்பை அழகாகத் தொட்டுவிட்டோம் என்ற திருப்தி இருக்கும், இரண்டு வினாடி கழித்து டிராக் தீர்ந்துபோகும்.

வளைவுகள் எல்லாம் சமமில்லை. டிராக் வரைபடத்தை எடுத்து, மிக நீளமான நேர்ப்பாதைக்கு முந்திய வளைவைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து வேலையைத் தொடங்குங்கள். அங்கே சேர்த்த ஒவ்வொரு கி.மீ. வேகமும் நேர்ப்பாதை நெடுக உங்களோடு வரும். இடது, வலது என்று அடுத்தடுத்து வரும் வளைவுகளில் கடைசி வளைவுதான் முக்கியம். முதலாவதை அதற்காக விட்டுக்கொடுக்க வேண்டும். முதல் வளைவில் நன்றாகப் போனோமே, இரண்டாவதில் ஏன் தடுமாறுகிறோம் என்ற புதிருக்குப் பெரும்பாலும் விடை, முதல் வளைவில் தேவைக்கு மேல் வேகமாகப் போய், இரண்டாவதுக்குத் தவறான ஓரத்தில் நின்றதுதான்.

கண்ணைப் பற்றிச் சொல்லாமல் போனால் இதெல்லாம் வீண். 150 கி.மீ. வேகத்தில் ஒரு வினாடிக்கு 42 மீட்டர் போகிறீர்கள். பானெட்டுக்கு முன்னால் 20 மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தால், கண் பார்ப்பது எல்லாம் ஏற்கெனவே முடிந்துபோன விஷயம். பிரேக் புள்ளிக்கு வருமுன் கண் ஒடிக்கும் புள்ளிக்குப் போயிருக்க வேண்டும், ஒடிக்குமுன் ஏபெக்ஸுக்கு, ஏபெக்ஸ் தொடுமுன் வெளியேறும் கெர்ப்புக்கு. இறுக்கமான வளைவில் ஏபெக்ஸ் முன்கண்ணாடியில் தெரியாது, பக்க ஜன்னல் வழியாகத் தலையைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும். பெரும்பாலானவர்கள் தலையைத் திருப்புவதே இல்லை. பயமுறுத்தும் சுவரைப் பார்க்காதீர்கள், கண் போகும் இடத்துக்குத்தான் கையும் போகும். குறியாக வைத்துக்கொள்ளும் பொருள்கள் அசையாதவையாக இருக்கட்டும்: தூரப் பலகை, கெர்ப்பின் தொடக்கம், தாரில் போட்ட ஒட்டு, கொடி காட்டும் மார்ஷல் நிற்கும் மேடை. நிழல் மதியத்தில் நகர்ந்துவிடும், பிளாஸ்டிக் கூம்பை யாராவது இடித்துத் தள்ளிவிடுவார்கள்.

உட்காரும் விதம் சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் நான் எப்போதும் அதிலிருந்துதான் ஆரம்பிப்பேன். முதுகு சீட்டில் ஒட்டியிருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படிய வேண்டும். பிரேக்கை முழுதாக மிதித்தாலும் முழங்கால் சற்று மடிந்தே இருக்க வேண்டும். கை கடிகாரத்தின் 9, 3 நிலைகளில். இடது காலை ஓய்வுப் பலகையில் ஊன்றி உடம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்படி ஊன்றாதவர்கள் வளைவில் ஸ்டியரிங்கையே பிடிமானமாக வைத்துத் தொங்குவார்கள். தொங்கும் கைக்கு டயர் சொல்வது எதுவும் கேட்காது.

ஆக்சிலரேட்டரில் ஒரு விதி போதும்: ஸ்டியரிங் நிமிரும் அளவுக்குத்தான் கால் இறங்கலாம். முன்சக்கர இழுவைக் காரில் இழுப்பதும் திருப்புவதும் ஒரே இரண்டு டயர். ஒடித்த நிலையில் மிதித்தால் கார் வெளியே நழுவும். அப்போது இன்னும் ஒடிப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். செய்யாதீர்கள். ஏற்கெனவே சறுக்கும் டயரை மேலும் ஒடித்தால் சறுக்கல்தான் கூடும். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்தி, ஸ்டியரிங்கையும் இம்மி நிமிர்த்தினால் பிடிமானம் திரும்பி வரும். தளர்த்துவது என்றால் தளர்த்துவது மட்டும்தான். நடு வளைவில் பயந்து காலை முழுக்க எடுத்துவிட்டால் சுமை ஒரேயடியாக முன்னால் வந்து பின்பக்கம் லேசாகி, முன்சக்கர இழுவைக் காரும் சுழன்றுவிடும். ஒரு முறை ஆக்சிலரேட்டரைத் தொட்ட பிறகு மறுபடி எடுக்க வேண்டி வந்தால், தொட்டது சீக்கிரம் என்று அர்த்தம். அடுத்த லேப்பில் கொஞ்சம் பொறுத்து, ஒரே தடவையாக மிதியுங்கள்.

கியர் விஷயத்தில் அவசரம் வேண்டாம். வேகத்தைக் குறைப்பது பிரேக்கின் வேலை, கியரின் வேலை அது இல்லை. வேகம் இறங்கிய பிறகு, பிரேக்கின் கடைசிப் பகுதியில் கியரைக் குறைத்தால் போதும். சீக்கிரம் குறைக்கும்போது தவறுதலாக இன்னும் கீழ் கியரில் விழுந்தால், சக்கரமே இன்ஜினைச் சுழற்றி எல்லை தாண்டவைக்கும். எரிபொருளை நிறுத்தும் ரெவ் லிமிட்டரால் அதைத் தடுக்க முடியாது, இன்ஜின் போய்விடும். குதிகாலால் ஆக்சிலரேட்டரைத் தட்டிக்கொண்டே பிரேக் பிடிக்கும் ஹீல் அண்ட் டோ அழகான திறமைதான். ஆனால் அதை முயலும்போது பிரேக் அழுத்தம் ஏறி இறங்குகிறது என்றால் இப்போது வேண்டாம். இரண்டு கியருக்கு நடுவே ஊசலாடும் வளைவில் மேல் கியரிலேயே போய்ப் பாருங்கள். ஒரு வேலை குறைந்ததால் மற்றதெல்லாம் சீராகி, நேரமும் குறைவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

பிசகினால் என்ன செய்வது என்பதை உட்காரும் முன்பே மனதில் ஓட்டிவையுங்கள். பின்பக்கம் நழுவினால், போக வேண்டிய இடத்தைப் பார்த்து ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் கொண்டுபோங்கள். கார் பிடிமானம் பெறும்போது அதே வேகத்தில் நிமிர்த்துங்கள், இல்லாவிட்டால் எதிர்ப்பக்கம் சுழற்றிவிடும். காப்பாற்ற முடியாது என்று தெரிந்துவிட்டால் கிளட்ச், பிரேக் இரண்டையும் முழுதாக மிதித்து, நிற்கும் வரை விடாதீர்கள். மற்றவர்களுக்கு உங்கள் கார் போகும் திசை கணிக்கக்கூடியதாக இருக்கும். வெளிச்சக்கரம் இரண்டும் மண்ணில் இறங்கினால் வெடுக்கென்று டிராக்குக்கு இழுக்காதீர்கள். பெரிய விபத்துகள் பல அந்த இழுப்பில்தான் நடக்கின்றன: மண்ணில் வழுக்கிய டயர் தாரில் ஏறியதும் பிடித்துக்கொண்டு காரை எதிர் ஓரத்துக்கு எறிந்துவிடும். ஸ்டியரிங்கை நேராக வைத்து, வேகம் இறங்கவிட்டு, மெதுவாக ஏறுங்கள். மஞ்சள் கொடி தெரிந்தால் வேகம் குறையுங்கள், முந்தாதீர்கள். பின்னால் வேகமான கார் வந்தால் நேர்ப்பாதையில் கையைக் காட்டி, ஆக்சிலரேட்டரை லேசாக எடுத்து வழிவிடுங்கள்; கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு ஓட்டும் ஒரு லேப்பில் நீங்கள் கற்றுக்கொள்வது எதுவும் இல்லை.

லேப் டைமரை முதல் சில செஷனுக்கு மறைத்துவைக்கச் சொல்வேன். எண் கண்ணில் படும்போதெல்லாம் கால் தாமதமான பிரேக்குக்கே போகும். ஒரு செஷனுக்கு ஒரு வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்றில் பிரேக்கை விடுவது மட்டும், ஒன்றில் கண் மட்டும். முடிந்ததும் நேரங்களைப் பாருங்கள், மிகச் சிறந்த லேப்பைவிட லேப்புகளுக்கு இடையிலான வித்தியாசத்தைக் கவனியுங்கள். தடையில்லாத ஐந்து லேப் அரை வினாடிக்குள் அடங்கினால், அதன் பிறகு நீங்கள் மாற்றும் ஒவ்வொன்றின் பலனும் தெளிவாகத் தெரியும். மூன்று வினாடி முன்னும் பின்னும் அலைந்தால் எதை மாற்றினாலும் எதுவும் தெரியாது. டேட்டா எடுக்க நினைத்தால், போனில் உள்ள ஜிபிஎஸ் பெரும்பாலும் வினாடிக்கு ஒரு முறைதான் இடத்தைக் குறிக்கும்; 160-இல் அது 44 மீட்டருக்கு ஒரு புள்ளி. வினாடிக்கு 10 முறை குறிக்கும் தனிக் கருவி இருந்தால் பிரேக் எங்கே தொடங்கியது, குறைந்தபட்ச வேகம் எவ்வளவு என்று நம்பிப் பார்க்கலாம். அதைவிட மலிவான வழி, பாதத்தின் மேல் ஒரு கேமரா. இரண்டு பெடலிலும் இல்லாமல் கால் தொங்கும் நேரத்தை எண்ணுங்கள். அப்புறம், களைப்பு வந்துவிட்டால் இறங்கிவிடுங்கள். "இன்னும் ஒரே ஒரு லேப்" என்ற லேப்பில்தான் வண்டிகள் அடிபடுகின்றன.

கருத்து வேறுபாடு உள்ள சில விஷயங்கள். கார் வழுக்கும்போது தானாகக் கட்டுப்படுத்தும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை அணைக்க வேண்டுமா? என் பதில் இப்போது வேண்டாம். அதன் விளக்கு எங்கே மினுக்குகிறது என்று குறித்துவைத்தால், கையும் காலும் முரண்படும் இடத்தை அதுவே காட்டிக்கொடுக்கும். சிமுலேட்டர் உதவுமா? டிராக்கின் வரிசை, கண் போகும் இடம், பெடலை விடும் பழக்கம் ஆகியவற்றுக்கு உதவும் என்பது நான் கண்டது. உடம்பில் உணரும் சுமை மாற்றத்தை வீட்டு நாற்காலி தராது. இடது காலால் பிரேக் பிடிக்கலாமா? கியரைக் கையால் மாற்றும் காரில், கிளட்ச்சுக்குப் பழகிய அந்தக் காலால் மெதுவாக விடுவது கடினம். நீங்கள் இப்போது கற்க வேண்டியதே அந்த மெதுவாக விடுதல் என்பதால் தள்ளிப்போடுங்கள்.

கடைசியாக வண்டி. டயருக்கு முன்னால் பிரேக் ஆயிலைப் பாருங்கள். 1,300 கிலோ காரை 160-இலிருந்து 80-க்குக் கொண்டுவரும் ஒரே ஒரு பிரேக்கில் எழும் வெப்பம், 3 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் அளவு. அதை ஒரு லேப்பில் பல முறை செய்கிறீர்கள். டாட் 4 தரத்தில் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். காற்றிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சிக்கொண்டே இருப்பதால், பழைய ஆயிலுக்கான தர வரம்பு 155 டிகிரிதான். ஆயில் கொதித்தால் பெடல் தரைக்குப் போகும். அதனால் புது ஆயில், தடிமன் மிச்சமுள்ள வெப்பம் தாங்கும் பிரேக் பேட், டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) முறுக்கிய சக்கர நட்டு, இந்த மூன்றும் இல்லாமல் போக வேண்டாம். ஒவ்வொரு செஷனிலும் கடைசி லேப்பைப் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டிக் குளிரவிட்டு, பிட்டில் (டிராக் ஓரத்தில் வண்டி நிறுத்தும் இடம்) நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

ஒட்டும் டயர் வாங்கினால் லேப் நேரம் குறையும், அதில் சந்தேகம் இல்லை. காலின் பழக்கம் அப்படியே இருக்கும், பிசகும்போது வேகமும் அதிகமாக இருக்கும். சாலை டயர் முனகி, முன்னெச்சரிக்கை கொடுத்து, மெதுவாக விடும். கற்றுக்கொள்ள அதுவே நல்லது. ஐந்து லேப் அரை வினாடிக்குள் வந்து, நேரமும் 2:05-ஐ ஒட்டி வந்த பிறகு டயரைப் பற்றி யோசியுங்கள். சஸ்பென்ஷன் அதற்கும் பிறகு. இப்போது இருக்கும் டயரிலேயே காற்றழுத்தத்தைக் கவனித்தால் கொஞ்சம் கிடைக்கும். 25 டிகிரியில் 30 பிஎஸ்ஐ வைத்த டயர் 70 டிகிரிக்குச் சூடானால் 36, 37 பிஎஸ்ஐ ஆகிவிடும். செஷன் முடிந்து பிட்டுக்கு வந்ததும், சூடாக இருக்கும்போதே அளந்து, நான்கையும் குறித்துவைத்து, கூடியதைக் கொஞ்சம் இறக்குங்கள். எந்த எண் சரி என்பது டயருக்கு டயர் மாறும். பக்கச்சுவரின் விளிம்பு வரை தேய்மானம் ஏறியிருந்தால் காற்று குறைவு, நடுப்பட்டை மட்டும் தேய்ந்து ஓரங்கள் புதிதாக இருந்தால் காற்று அதிகம். டிராக்கில் இறக்கிய காற்றைச் சாலையில் கிளம்பும் முன், டயர் குளிர்ந்த பிறகு, கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்குத் திரும்ப நிரப்பிவிடுங்கள்.